கொப்பளித்த பிறகு அரை மணி நேரம்

என் வீட்டுக்காரர் எதையும் ஒரு தண்ணீரோடு விடுகிற ஆள் இல்லை. சாப்பிட்ட தட்டை மூன்று தண்ணீரில் அலசுவார். குளித்துவிட்டு வந்தால் சோப்பு போட்டார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், வாசனைகூட மிஞ்சாது. கல்யாணமான புதிதில் நான் அரிசி களைவதைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, ஒரே தண்ணியோட உலைல போடற?" என்று கேட்டு, கையிலிருந்த பாத்திரத்தைப் பிடுங்கித் தானே களைந்து கொடுத்தார். சத்தெல்லாம் சாக்கடைக்குப் போனது, சோறு மட்டும் வெள்ளையாக வந்தது. கும்மிடிப்பூண்டியில் தண்ணீருக்குப் படுகிற பாட்டுக்கு, இவரை வைத்துக் குடும்பம் நடத்தியதற்கே எனக்கு யாராவது ஒரு மாலை போட்டிருக்கலாம்.

பார்த்த வேலையால் வந்த பழக்கம் அது. இங்கே தொழிற்பேட்டையில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் இருந்தார். நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் கூடை கூடையாக வரும். ஆசிட் தொட்டியில் முக்கித் துருவை எடுக்க வேண்டும், அப்புறம் ஜிங்க் தொட்டியில் முக்கிப் பூச்சு ஏற்ற வேண்டும். ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டிகள். இதன் கெமிக்கல் அதற்குப் போய்விடக் கூடாது. எங்கே தண்ணீர் சரியாகப் படவில்லையோ அங்கே கறை விழும், மொத்தக் கூடையும் திரும்பி வந்துவிடும். அந்த லைனுக்கு இவர்தான் சூப்பர்வைசர். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் தொட்டிப் புராணம் தொடங்கிவிடும். எந்தத் தொட்டியில் என்ன போட்டார்கள், எவன் சரியாக அலசாமல் தூக்கினான், எந்தக் கூடை ரிஜெக்ட் ஆனது. நான் வெங்காயம் அரிந்துகொண்டே 'ம்' கொட்டுவேன். எனக்கு என் ஜெராக்ஸ் கடைத் தலைவலியே போதுமானதாக இருந்தது.

அவர் தொண்டையில் கட்டி இருக்கிறது என்று தெரிந்தது ஒரு கோடையில். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்தோம். கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சனி, ஞாயிறு தவிர தினமும், வாரக்கணக்கில். கூடவே வாரத்துக்கு ஒரு ஊசி மருந்தும் ஏற்ற வேண்டும். கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு அவரோடு காலை ரயிலில் ஏற ஆரம்பித்தேன். திறந்திருக்கிற நேரத்தில் கடைக்கு வந்தவர்களெல்லாம் ஆதார் அட்டையை நீட்டியபடியே, "எதனாலக்கா வந்துது?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் பொறுமையாகப் பதில் சொன்னேன். அப்புறம், "ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, அத்த மட்டும் சொல்லு" என்று மிஷினைப் போட்டுவிட்டேன்.

முதல் நாளே டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். கரண்ட் வைக்க வைக்க வாயெல்லாம் புண்ணாகும். விழுங்குவது கஷ்டமாகும். ஆனாலும் சாப்பிட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை பார்ப்போம். எடை இறங்கிக்கொண்டே போனால் மூக்கு வழியாக ஒரு ட்யூப் விட்டு அதில்தான் ஆகாரம். அதுவும் முடியாமல் போனால் கரண்டை நடுவில் நிறுத்த வேண்டிவரும். நிறுத்தினால் இதுவரை வைத்ததன் பலன் குறைந்துபோகும். எது நடந்தாலும் நடுவில் நிறுத்துகிற மாதிரி மட்டும் ஆகிவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார்.

வெளியே வந்தால், காத்திருக்கிற கூடத்தில் ஒருவர் மூக்கில் ட்யூப் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பாட்டுக்கு செல்போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் என் வீட்டுக்காரரின் கண் அந்த ட்யூபை விட்டு நகரவில்லை. திரும்பும் ரயிலில் மீஞ்சூர் தாண்டியதும் சொன்னார்.

"அந்த ட்யூப்ப மட்டும் எனக்குப் போட வுடாதமே. போடணும்னு சொன்னாங்கன்னா அன்னிக்கே எழுந்து வந்துடுவேன். கரண்டும் வாணாம், ஒன்னும் வாணாம்."

"சும்மா இரு மாமா. மொத நாளே ஆரம்பிக்காத."

"சொல்லிட்டேன்."

இவர் 'சொல்லிட்டேன்' என்றால் அது வெறும் பேச்சு இல்லை. தன் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் ஏதோ மரியாதைக் குறைவு நடந்துவிட்டது என்று எழுந்து வந்தவர், அந்தத் தெருப் பக்கமே இன்று வரை போகவில்லை. தங்கைதான் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். எப்படியாவது இந்த மனிதரை வாயால் சாப்பிட வைக்க வேண்டும். சாப்பிடாவிட்டால் எடை இறங்கும், எடை இறங்கினால் ட்யூப், ட்யூப் என்றால் இவர் சிகிச்சையை விட்டுவிடுவார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அங்கே ஒரு சிஸ்டர் இருந்தது. தெற்குப் பக்கத்துப் பெண், சின்ன வயது, சிரித்த முகம். அதுதான் வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்து விவரம் சொன்னது. இளஞ்சிவப்பாக ஒரு பாட்டில், கிருமி சேராமல் இருக்க. மூடியில் ஊற்றி, வாயில் வைத்து நன்றாகச் சுழற்றித் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. முக்கியமாக, துப்பிய பிறகு அரை மணி நேரம் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, தண்ணீரால் கொப்பளிக்கவும் கூடாது, மருந்து வாயில் தங்க வேண்டும். மற்ற நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் உப்பும் ஆப்பசோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருக்கலாம். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

வாய் லேசாகப் புண்ணாக ஆரம்பித்த சமயம் கம்பெனியிலிருந்து ஒரு கூட்டாளி பார்க்க வந்தார். கையில் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய நீல நிற மவுத்வாஷ், பெரிய பாட்டில். "அண்ணே, அவங்க குடுக்கறது தண்ணி. இத்த ஊத்து, நல்லா சுருக்குனு புடிக்கும், கிருமி குளோசு" என்றார். இவரும் ஆசையாக ஒரு மூடி ஊற்றி வாயில் வைத்தார். அடுத்த நொடி கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். கூட்டாளி பயந்துபோய்ச் செருப்பைக்கூட சரியாகப் போடாமல் கிளம்பிவிட்டார். மறுநாள் சிஸ்டரிடம் சொன்னபோது, அதில் ஸ்பிரிட் இருக்கும், புண் வாயில் அதைக் காட்டவே கூடாது என்று திட்டியது. அந்த நீல பாட்டிலை நான் வீணாக்கவில்லை. பாத்ரூம் சிங்க்கில் ஊற்றித் தேய்த்தேன், ஒரு மாதம் மணமாக இருந்தது.

போகப் போக, சொன்ன மாதிரியே புண் முற்றியது. முதலில் காரம் போனது, பிறகு புளிப்பு, பிறகு இட்லி. இட்லியே முள்ளாகக் குத்துகிறது என்றார். நன்றாகக் குழைய வைத்த அரிசிக் கஞ்சியை ஆற வைத்து, வடிகட்டி, பால் கலந்து கொடுத்தேன். ரவைக் கஞ்சி, கேழ்வரகுக் கஞ்சி, மசித்த வாழைப்பழம் எல்லாம் செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டு வந்து மறுபடி கஞ்சி காய்ச்சினேன்.

ரயிலில் போகும்போது உப்பு சோடாத் தண்ணீர் ஒரு பாட்டிலிலும், துப்புவதற்கு மூடி போட்ட டப்பா ஒன்றும் என் பையில் இருக்கும். ஒருநாள் இவர் கொப்பளித்து டப்பாவில் துப்புவதைப் பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் புத்தி சொல்ல ஆரம்பித்தார். "இந்த வயசுல இன்னும் பாக்கு போடணுமா பெரியவரே? உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார். இவர் வாழ்நாளில் வெற்றிலை கூடப் போட்டதில்லை. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"ஆமாங்க, கல்யாண ஊட்ல குடுத்தாங்க, போட்டுக்கினு கீறாரு. உங்களுக்கும் வாணுமா?" என்று டப்பாவை நீட்டினேன்.

அவர் எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார். இவர் சிரித்தார். சிரித்ததில் உதடு வெடித்து ரத்தம் வந்தது, அதற்கும் என்னையே திட்டினார்.

கொப்பளிக்கும் மருந்தைத் தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒருநாள் காலை கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். கீழுதட்டை விரலால் இழுத்து, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பல்லைப் பார்த்தார். என்ன என்றேன், ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகு மருந்து போடும் நேரத்தில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்கும். மருந்து மூடியையும் மூன்று தண்ணீரில் அலசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துச் சிரிக்கவும் செய்தேன்.

அந்த வாரம் கஞ்சி பாதி டம்ளருக்கு மேல் இறங்கவில்லை. வாயில் ஒரு மாதிரி வாடை. திங்கட்கிழமை எடை பார்த்தால் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது, புண்ணில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார். இந்த வாரம் விட்டுப்பிடிக்கலாம், அடுத்த திங்கட்கிழமையும் இப்படியே இறங்கியிருந்தால் ட்யூப்தான், வேறு வழியில்லை என்றார்.

இவர் எழுந்து வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைய கரண்ட் இன்னும் வைக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். தாழ்வாரத்தில் அந்த சிஸ்டர்தான் குறுக்கே நின்று மறித்தது.

"அப்பா, கொஞ்சம் நில்லுங்க. மருந்து ஒழுங்கா போட்டுக்கிட்டு இருக்கீங்களா?"

"ஒரு வேள வுட்டதில்ல சிஸ்டர். நீ சொன்னாப்லதான்."

"சரி, இப்ப என் முன்னாடி ஒரு தடவை போடுங்க பார்ப்போம்."

அது கொடுத்த மருந்தை மூடியில் சரியாக அளந்து ஊற்றினார். வாயில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இடது பக்கம், வலது பக்கம் என்று ஒழுங்காகச் சுழற்றினார். வாஷ்பேசினில் துப்பினார். நன்றாகத்தானே செய்கிறார் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவர் கை தானாகக் குழாய்க்குப் போனது. ஒரு கை தண்ணீர், கொப்பளித்துத் துப்பினார். இன்னொரு கை. இன்னும் ஒரு கை. பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, பரீட்சை எழுதி முடித்த பையன் மாதிரி எங்களைப் பார்த்தார்.

சிஸ்டர் என்னைப் பார்த்தது. நான் சிஸ்டரைப் பார்த்தேன்.

"இப்ப என்னப்பா செஞ்சீங்க?"

"அலசினேன்."

"ஏன்?"

அதற்கு இவர், அந்தப் புண் வாயை வைத்துக்கொண்டு, கம்பெனிக்குப் புதிதாக வந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது போலப் பொறுமையாக விளக்கினார். "கெமிக்கல்ல முக்கி எடுத்தா ஒடனே தண்ணி காட்டிடணும் சிஸ்டர். அப்டியே வுட்டா கறை ஏறிடும். இத்த பாரு." உதட்டை இழுத்துக் காட்டினார். பல்லின் ஓரமெல்லாம் பழுப்பாக இருந்தது. "மொதல்ல கொஞ்ச நாளு நீ சொன்னாப்ல வுட்டதுக்கே இப்டி ஏறிக்கினு கீது. அப்புறம்தான் அலச ஆரம்பிச்சேன். இல்லாங்காட்டி பல்லு மொத்தமும் ரிஜெக்ட்டு."

சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, வடிகட்டி வடிகட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்க, இந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு மருந்தை மூன்று தண்ணீரில் அலசிச் சாக்கடைக்கு விட்டிருக்கிறார்.

"அது இரும்பு அப்பா, இது தோலு" என்றது சிஸ்டர். "கறை வந்தா வரட்டும், எல்லாம் முடிஞ்சப்புறம் பல் டாக்டர்கிட்ட போனா எடுத்துடுவாங்க. கரண்டால புண்ணு வர்றதை இந்த மருந்தால நிறுத்த முடியாது. அதுல கிருமி சேராம வேணா பாத்துக்கிடலாம். அதுக்குத்தான் வாயில தங்கணும்னு சொன்னேன். நீங்க தங்க விடவே இல்லையே."

வெள்ளைப் படிவுக்குத் தனியாக ஒரு மருந்தும், சாப்பிடுவதற்கு முன்னால் தடவி மரக்கவைத்துக்கொள்ள ஒரு ஜெல்லும் டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவரைக் கரண்ட் அறைக்கும் அழைத்துப் போய் விட்டது. இவர் 'சரி சரி' என்றார். ஆனால் முகத்தில் சரி இல்லை.

ரயிலில் சொன்னார், "மனசு ஒப்பலமே. கெமிக்கல வாயில வெச்சிக்கினு எப்டி சும்மா உக்கார்றது?"

நான் வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஏறி, தொட்டியிலிருந்து பாத்ரூமுக்கு வருகிற வால்வை மூடிவிட்டேன். மறுநாள் காலை மருந்தைத் துப்பியதும் குழாயைத் திருகினார். தண்ணீர் இல்லை. நான் கதவுக்கு வெளியே ஜெயித்த திமிரோடு நின்றிருந்தேன். அவர் நேராகக் கொல்லைக்குப் போய் வாளியில் கையை விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியாது.

"மாமா, கடசித் தொட்டிக்கி அப்புறம் தண்ணி காட்டுவியா?"

கை தண்ணீரோடு அப்படியே நின்றது. முகத்தை மட்டும் நிமிர்த்திக் கேட்டார், "எந்தத் தொட்டி?"

"அதான், பூச்சு போவாம இருக்க கடசியா முக்குவியே, சீலர் தொட்டி. எல்லாத்தயும் அலசலாம், சீலர்ல முக்கினத மட்டும் அலசக் கூடாது, அப்டியே காயணும்னு சொல்லுவியே. புதுசா வந்தவன் ஒருத்தன் அத்தப் போயி தண்ணில போட்டுட்டான்னு அன்னிக்கு சோறு கூட துன்னாம படுத்துக்கினியே. இந்த மருந்து ஆசிட் இல்ல மாமா. இது சீலர்."

வாளிக்கு மேலே குனிந்தபடி என்னையே பார்த்தார். விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் மறுபடி வாளிக்குள் ஒழுகியது.

"இத்தெல்லாம் நீ கேட்டுக்கினா இருந்த?" என்றார். "வெங்காயம்தான அரிஞ்சிக்கினு இருந்த?"

"கைதான அரிஞ்சிது. காது சும்மாதான இருந்துது."

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். அப்புறம் தோல்வியை ஒத்துக்கொள்ள மனமில்லாமல், "அந்தப் பொண்ணு மொதல்லயே சீலர்னு சொல்லியிருந்தா நான் இன்னாத்துக்கு அலசப் போறேன்?" என்று பழியைத் தூக்கி சிஸ்டர் மேல் போட்டார். போட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு, உலகத்துப் பழியெல்லாம் யார் மேல் போட்டாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

அதன் பிறகு அவர் ஆரம்பித்ததுதான் கூத்து. சிஸ்டர் சொன்னது சாப்பிடாதே, குடிக்காதே, கொப்பளிக்காதே என்று மட்டும். இவராக ஒரு சட்டம் சேர்த்துக்கொண்டார். சீலர் காய்கிற வரைக்கும் கூடையை ஆட்டக் கூடாது, ஆகவே அரை மணி நேரம் வாயைத் திறந்து பேசவும் மாட்டார். கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, உதட்டை இறுக்க மூடி, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் டிரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். இரும்பு உருக்கும் கம்பெனிப் புகை மெதுவாக வீட்டு மேலே வரும். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கோ இது வலிய வந்த வரம். கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் இவர் பாதியில் மறித்து முடித்து வைப்பார். இப்போது மறிக்க முடியாது. நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டு பழைய பாக்கியையெல்லாம் தீர்த்தேன். களைந்து களைந்து சாக்கடைக்கு விட்ட அரிசிச் சத்து, கூட்டிப் போகிறேன் என்று சொல்லிக் கூட்டிப் போகாத ஊர்கள், என் அண்ணனிடம் ஒரு தீபாவளிக்குப் பேசாமல் இருந்தது. அவர் கையை ஆட்டி மறுப்பார். கண்ணை உருட்டுவார். நேரம் முடிந்ததும் பதில் சொல்லலாம் என்று பார்த்தால் அதற்குள் நான் கடைக்கோ அடுப்படிக்கோ போயிருப்பேன்.

ஆனால் புண் உடனே ஆறிவிடவில்லை. வெள்ளைப் படிவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, வாடை போனது. வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜெல் தடவிக்கொண்டால்தான் நாலு வாய் இறங்கும். சனிக்கிழமை காலை கஞ்சி டம்ளரை வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டு, கீழே வைத்துவிட்டார்.

"திங்கக்கெழம எப்டியும் ட்யூப்தான் சொல்லுவாங்க. நான் வரல. நீ போயி சொல்லிட்டு வந்துடு."

"இன்னா சொல்லணும்?"

"வாணாம்னு சொல்லிடு. போதும்."

மதியம் மருந்து போட்டுக்கொண்டு வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் வழக்கம்போல் கல்லில் உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தேன். வீம்பு பிடித்த மனிதர் என்றேன். தங்கச்சி வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்த மாதிரி ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வர முடியாது என்றேன். அதற்கு மேல் திட்டு வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

"மாமா, எனக்கு பயமா கீது" என்றேன். "எல்லார்கிட்டயும் தெகிரியமா பேசிக்கினு கீறேன். கடயாண்ட வர்றவங்ககிட்ட, உன் தங்கச்சிகிட்ட, அந்த சிஸ்டர்கிட்ட. உன்கிட்டயும் கத்திக்கினு கீறேன். உள்ள ஒன்னும் இல்ல மாமா. உனுக்கு எதுனா ஒன்னுன்னா நான் உன்கிட்டதான் வந்து சொல்லுவேன். நீயே வாணாம்னு சொல்லிட்டா நான் யாருகிட்ட போயி சொல்றது?"

அவர் உதடு திறக்கப் பார்த்தது. சட்டென்று மூடிக்கொண்டார். திரும்பி, ஜன்னல் வழியாக உள்ளே கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது. கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடை வரைக்கும் வந்தது, துடைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசினால் மருந்து ஒன்றும் ஓடிப்போய்விடாது, அந்த நேரத்திலும் பிடித்த பிடி. எனக்கு ஒரு பக்கம் கோபமாகவும் இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அப்படியே, லாரிகள் போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நேரம் ஆனதும் வாயைத் திறந்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கஞ்சி கீதா?" என்றார்.

காலையில் வைத்ததைக் கொட்டிவிட்டு வேறு காய்ச்சி ஆற வைத்திருந்தேன். ஜெல்லைத் தடவிக்கொண்டு டம்ளரை வாங்கினார். முதல் வாய்க்கு நாற்காலிக் கையைப் பிடித்தார். இரண்டாவது வாய்க்குக் காலைத் தரையில் உதைத்தார். நடுவில் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார், போதும் மாமா என்று நான் கை நீட்டினேன். தரவில்லை. மறுபடி தூக்கினார். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, வெயில் கல்லை விட்டு நகர்ந்துபோயிருந்தது. கடைசியில் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். நான் வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போற? இன்னும் ஊத்து" என்றார்.

அன்று சாயந்திரமும், ஞாயிற்றுக்கிழமை முழுக்கவும் அதே பாடு. ஒவ்வொரு டம்ளரும் ஒரு சண்டை. இந்தத் தடவை என்னோடு இல்லை.

திங்கட்கிழமை காலை சட்டை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு நடந்தார். ஆஸ்பத்திரியில் எடை மிஷின் மேல் ஏறி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிஸ்டர்தான், "இறங்கலம்மா, அப்படியேதான் இருக்கு" என்றது. டாக்டர் டார்ச் அடித்து, நன்றாகச் சுத்தமாகியிருக்கிறது, இதே மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ட்யூப் பேச்சை எடுக்கவே இல்லை. கரண்டுக்குப் போகலாம் என்றார்.

சட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு நேரே நின்று, அந்த வீங்கிய நாக்கோடு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"பயப்படாதமே."

சனிக்கிழமை நான் சொன்னதற்கு அப்போதுதான் பதில் வந்தது. வெறும் வாயால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எடை மிஷினைப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு உள்ளே போனார், கதவைச் சாத்தினார்கள். நான் அவர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், சத்தமாகவே அழுதேன்.